பத்து இன்வெர்ட்டர் சேர்ந்தால் மட்டும் டிரிப்: இரு பக்க இம்பீடன்ஸை அளந்து பார்ப்பது எப்படி

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில், செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்பொறுப்பாளராக) இருக்கும் தம்பி கேட்டது இது. ஆலைக் கூரையில் 60 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் பத்து இருக்கிறது. 11 கேவி லைனின் கடைசியில் 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், அதன் இம்பீடன்ஸ் 5 விழுக்காடு. மெயின் ஸ்விட்ச்போர்டில் பவர் ஃபேக்டரைத் திருத்த 50 கிலோவார் வீதம் ஏழு படி கெப்பாசிட்டர். 11 கேவி பக்கத்தில் மின் நிறுவனமான தெனாகா கொடுத்திருக்கும் ஃபால்ட் லெவல், அதாவது ஷார்ட் சர்க்கிட்டில் லைன் தரக்கூடிய திறன், 80 எம்விஏ. ஆறு இன்வெர்ட்டர் வரை ஒன்றாக ஓடுகின்றன. ஏழாவதைச் சேர்த்ததும் சில விநாடிக்குள் எல்லாமே கிரிட் வோல்டேஜ் பிழை காட்டி நின்றுவிடுகின்றன. அதுவும் பழக்குலை வராமல் ஆலை ஓடாத வெள்ளிக்கிழமை நண்பகலில்தான். ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாம் பாஸ். இன்வெர்ட்டர் விற்றவர் "கிரிட் சரியில்லை" என்கிறார். ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மடங்கு அதிர்வெண்கள்) அளந்த குழுவோ "எல்லாம் வரம்புக்குள்" என்கிறது. எதை, எப்படி அளந்தால் உண்மை தெரியும்? தீர்வாக, இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு ரியாக்டர் (தொடர் இண்டக்டர்) மட்டும் சேர்த்தால் போதுமா?

தம்பி, இருவரும் பொய் சொல்லவில்லை. இன்வெர்ட்டர் ஆய்வுக்கூடத்தில் பாஸான சோதனை, கெட்டியான சப்ளையில் ஒற்றை இன்வெர்ட்டரை வைத்துச் செய்தது. அங்கே சப்ளையின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம். உங்கள் போர்டில் அது பூஜ்யமில்லை, இன்வெர்ட்டரும் ஒன்றில்லை. 2004-இல் என்ஸ்லின், ஹெஸ்கெஸ் என்ற இருவர் நெதர்லாந்தில் கூரைச் சோலார் நிறைந்த குடியிருப்புகளைப் பற்றி எழுதிய ஆய்விலும் இதே கதைதான்: தனித்தனியே விதிக்குள் நிற்கும் இன்வெர்ட்டர்கள், கூட்டமாகச் சேர்ந்தால் லைனோடு ஒத்ததிர்ந்து (ரெசனன்ஸ்) டிரிப்.

இதைப் பிடிக்க வேண்டிய அளவு இம்பீடன்ஸ், பாடநூலில் மின்மறிப்பு என்று படித்திருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு எண்ணாக அதை எடுத்துப் பயனில்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அளவு எவ்வளவு, கோணம் எவ்வளவு என்று ஒரு கோடாக வேண்டும். லைன் பக்கம் ஒரு கோடு, இன்வெர்ட்டர் பக்கம் ஒரு கோடு. இன்வெர்ட்டரைக் கரண்ட் மூலமாகவும் அதற்கு இணையாக ஓர் இம்பீடன்ஸாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். லைனை வோல்டேஜ் மூலமாகவும் அதற்குத் தொடராக ஓர் இம்பீடன்ஸாகவும் நினையுங்கள். லைன் இம்பீடன்ஸை இன்வெர்ட்டர் இம்பீடன்ஸால் வகுத்து வரும் விகிதத்தை நைக்விஸ்ட் படத்தில் (அளவையும் கோணத்தையும் சேர்த்து வரையும் படம்) போட்டால் நிலைத்தன்மை தெரிந்துவிடும். டிசி கன்வெர்ட்டர்களின் ஃபில்டருக்கு 1976-இல் மிடில்புரூக் சொன்ன இந்த வழியை, கிரிட் இன்வெர்ட்டருக்குப் பொருத்தி 2011-இல் ஜியான் சன் எழுதினார். இன்றைக்கு இத்துறையில் பெரும்பாலோர் அதில்தான் நிற்கிறார்கள்.

நடைமுறைக்கு ஒரு விதி போதும். இரண்டு கோடுகளும் அளவில் வெட்டிக்கொள்ளும் அதிர்வெண்ணைப் பாருங்கள். அந்த இடத்தில் கோண வித்தியாசம் 180 பாகைக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவுதான் உங்கள் கையிருப்பு. 30 பாகைக்குக் கீழே போனால் நான் அதை நல்ல நிறுவல் என்று சொல்ல மாட்டேன். லைன், டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் எல்லாம் உயிரற்ற பொருள்கள். அவற்றின் கோணம் எப்போதும் கூட்டல் கழித்தல் 90-க்குள்தான் இருக்கும். இன்வெர்ட்டர் அப்படியல்ல, உள்ளே கணினி ஓடுகிறது. கணக்குப் போட்டு ஸ்விட்ச் செய்வதற்குள் ஏற்படும் தாமதத்தால் சில அதிர்வெண்களில் அதன் கோணம் 90-ஐத் தாண்டி, எதிர்மறை ரெசிஸ்டன்ஸ் போல நடக்கும். அந்த இடத்தில் அது அதிர்வைத் தணிக்காமல் ஊட்டி வளர்க்கும். ஆகவே அளவீட்டில் நாம் தேடுவது இதைத்தான்: எந்த அதிர்வெண் பட்டையில் இன்வெர்ட்டர் 90-ஐத் தாண்டுகிறது, அதே பட்டையில் லைன் இம்பீடன்ஸ் உயர்கிறதா?

எண்ணிக்கை எங்கே வருகிறது என்றால், ஒரே மாதிரி பத்து இன்வெர்ட்டர் ஒரே பஸ்பாரில் ஊட்டும்போது ஒவ்வொன்றுக்கும் லைன் இம்பீடன்ஸ் பத்து மடங்காகத் தெரியும். எல்லாருடைய கரண்டும் அதே லைன் வழியாகப் போய் அதே வோல்டேஜைத் தூக்குவதுதான் காரணம். ஒற்றை இன்வெர்ட்டர் சோதனை இதைக் காட்டவே காட்டாது.

இனி உங்கள் எண்களையே எடுப்போம். 400 வோல்ட்டில் 1 எம்விஏ-க்கு அடிப்படை இம்பீடன்ஸ் 0.16 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் 5 விழுக்காடு என்றால் 0.008 ஓம். 80 எம்விஏ லைன் 0.002 ஓம். கூட்டினால் 0.010 ஓம், அதாவது சுமார் 32 மைக்ரோஹென்றி. லோ டென்ஷன் போர்டில் ஃபால்ட் லெவல் 16 எம்விஏ. இன்வெர்ட்டர் மொத்தம் 600 கிலோவாட், ஆகவே ஷார்ட் சர்க்கிட் விகிதம் 26-க்கு மேல். எச்விடிசி (உயர் வோல்டேஜ் டிசி) இணைப்புகளுக்காக 1997-இல் வந்த ஐஇஇஇ 1204 வழிகாட்டி 3-க்கு மேல் போனாலே வலுவான கிரிட் என்கிறது. "உங்களுக்கு வீக் கிரிட் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த விகிதம் 50 ஹெர்ட்ஸின் கதை. கெப்பாசிட்டர் பேங்க் இருக்கும் போர்டில் 300, 400 ஹெர்ட்ஸில் என்ன நடக்கிறது என்று அது ஒரு வார்த்தை பேசாது.

கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மர் இண்டக்டன்ஸும் இணையாக ஒத்ததிரும் அதிர்வெண் எளிய கணக்கு. ஃபால்ட் லெவலை (16,000 கேவிஏ) கெப்பாசிட்டர் கிலோவாரால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 50-ஆல் பெருக்குங்கள். இரண்டு படி போட்டால் 632 ஹெர்ட்ஸ், நாலு படி 447, ஐந்து படி 400, ஆறு படி 365, ஏழு படி 338. ஒத்ததிரும் இடத்தில் லைன் இம்பீடன்ஸ் சின்னதாக இருக்காது. சுமை இல்லாத நாளில் தரக்காரணி (ஒத்ததிர்வின் கூர்மை) 10 என்று வைத்தால், 365 ஹெர்ட்ஸில் வெறும் 0.073 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.73 ஓம் நிற்கும்.

இப்போது இன்வெர்ட்டர் பக்கம். உங்கள் மாடலின் கோடு என் கையில் இல்லை, ஆகவே எடுத்துக்காட்டாக 335 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் அளவு 2.5 ஓம், கோணம் கழித்தல் 120 பாகை என்று வைப்போம். 60 கிலோவாட் இயந்திரத்துக்கு இது நடக்கக்கூடிய எண்தான். இதற்கு நேர் எதிராக நிற்க லைனின் கோணம் கூட்டல் 60 பாகையாக வேண்டும். தரக்காரணி 10 உள்ள ஒத்ததிர்வில் அந்தக் கோணம் உச்சிக்குச் சற்றுக் கீழே, 335 ஹெர்ட்ஸில் வரும். அங்கே லைன் இம்பீடன்ஸ் உச்சியில் பாதி, 0.365 ஓம். 2.5-ஐ 0.365-ஆல் வகுத்தால் 6.85. ஆறு இன்வெர்ட்டர் வரை தாங்கும், ஏழாவது வந்தால் அதிர்வு தானாக வளரும். நீங்கள் பார்ப்பதும் அதுதானே? உங்கள் இயந்திரம் இந்த எண்ணிலேயே இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் "ஏழாவதில் விழும்" என்ற நடத்தை எப்படிப்பட்ட கணக்கிலிருந்து பிறக்கிறது என்பது இதில் தெரிகிறது.

வெள்ளிக்கிழமைக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. ஆலை ஓடும் நாளில் சுமை அந்த ஒத்ததிர்வைத் தணிக்கும். மோட்டார்கள் முழு ரெசிஸ்டன்ஸ் போல் தணிக்காது. இருந்தாலும் மொத்தச் சுமையில் 200 கிலோவாட் அளவுக்கு அப்படி நடந்தால் 0.8 ஓம் இணையாகச் சேர்ந்து 0.73 ஓம் உச்சி 0.38 ஆகிவிடும். அதே கணக்கில் எல்லை ஏழிலிருந்து பதின்மூன்றுக்குப் போய்விடும், பத்தும் ஓடும். ஆலையின் நீராவி டர்பைன் தெனாகாவோடு இணையாக ஓடினால் இன்னொரு மாற்றம்: ஜெனரேட்டரும் ஃபால்ட் கரண்ட் கொடுப்பதால் ஒத்ததிர்வு மேலே நகரும். 1.5 எம்விஏ, 18 விழுக்காடு சப்டிரான்ஸியன்ட் ரியாக்டன்ஸ் (ஃபால்ட்டின் முதல் கணத்தில் ஜெனரேட்டர் காட்டும் இம்பீடன்ஸ்) என்றால் 365 இருந்த இடம் 450 ஆகும்.

நண்பகல் ஏன்? பவர் ஃபேக்டர் ரிலே தெனாகா மீட்டர் பக்கத்துக் கிலோவாட்டைப் பார்க்கிறது. சோலார் அந்தக் கிலோவாட்டைத் தின்றுவிடுகிறது, கிலோவார் அப்படியே நிற்கிறது. ரிலே "ஃபேக்டர் விழுந்துவிட்டது" என்று நினைத்து இன்னொரு படியை உள்ளே தள்ளுகிறது. டிரிப் நடந்தபோது எத்தனை படி உள்ளே இருந்தது என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். முதல் வேலையாக அதைக் குறியுங்கள், காசு செலவில்லை.

இனி அளவீடு. முதலில் மலிவானதிலிருந்து.

டிரிப் ஆகும் தருணத்தின் அலைவடிவத்தைப் பிடியுங்கள். சாதாரணப் பவர் அனலைசர் ஏன் ஏமாற்றியது என்றால், ஐஇசி 61000-4-7 முறையில் அது 200 மில்லிவிநாடி சாளரத்தில் 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கணக்கிட்டு, பெரும்பாலும் ஹார்மோனிக் எண்களை மட்டும் அறிக்கையில் போடுகிறது. பிறகு அதையும் பத்து நிமிடச் சராசரியாக்குகிறது. 335 ஹெர்ட்ஸ் என்பது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நிற்கும் இடை-ஹார்மோனிக். அறிக்கையில் அதற்கு வரியே இல்லை. அரை விநாடியில் வளர்ந்து டிரிப்பில் முடியும் அதிர்வு பத்து நிமிடச் சராசரியில் கரைந்துபோகும். ஆகவே மூலச் சாம்பிள் கொடுக்கும் ரெக்கார்டர் வேண்டும்: மூன்று வோல்டேஜ், மூன்று கரண்ட், ஆறும் ஒரே நேரத்தில், விநாடிக்கு 50,000 சாம்பிளுக்குக் குறையாமல், 16 பிட். டிரிப்புக்கு முந்திய 2 விநாடி கிடைக்கும்படி டிரிகர் வையுங்கள். அதில் எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் வளரும் அதிர்வெண் கண்ணில் விழும். அது 50-இன் மடங்காக இல்லாவிட்டால் ஹார்மோனிக் பிரச்சினை என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனென்றால் கருவியே ஸ்விட்ச்போர்டில் இருக்கிறது. இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஐந்து படி உள்ளே இருக்கும்போது ஆறாவது படியைக் கையால் போடுங்கள். வோல்டேஜில் ஒரு மணியடித்தது போன்ற அதிர்வு வந்து தணியும். அதன் அதிர்வெண்தான் ஆறு படியின் ஒத்ததிர்வு, 365 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். அதிர்வின் உயரம் பாதியாகக் குறைய எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி 4.53-ஆல் பெருக்கினால் தரக்காரணி. 2.2 சுற்றில் பாதியானால் 10. பிறகு ஓர் இன்வெர்ட்டரை ஓட்டி அதையே செய்யுங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று ஏறுங்கள். ஒவ்வொன்று சேரும்போதும் தணிவு மெதுவாகும். 2 சுற்று 3 ஆகும், 5 ஆகும், ஆறாவது இன்வெர்ட்டரில் நெடுநேரம் ஒலிக்கும். அதிர்வெண்ணும் 365-லிருந்து கீழே நகரும். தணிவு எந்த எண்ணிக்கையில் பூஜ்யத்தைத் தொடும் என்று ஒரு தாளில் கோடு போட்டு நீட்டிப் பார்த்தால், டிரிப் ஆகாமலேயே எல்லையைச் சொல்லிவிடலாம். கான்டாக்டரில் ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர் இருந்தால் துள்ளல் சின்னதாக இருக்கும், 16 பிட் அதற்கும் போதும். ஒரு படியைக் கழற்றியபின் டிஸ்சார்ஜ் ஆக நேரம் கொடுக்காமல் மறுபடி போடாதீர்கள், கான்டாக்டர் பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, முறையான கோடு எடுப்பது. இதற்கு ஒரு சின்ன இடையூறை நாமே உள்ளே செலுத்த வேண்டும். ஏற்கனவே இருக்கும் 250 ஹெர்ட்ஸ் வோல்டேஜை 250 ஹெர்ட்ஸ் கரண்டால் வகுத்தால் இம்பீடன்ஸ் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. இன்வெர்ட்டரும் 250 உண்டாக்குகிறது, லைனும் கொண்டுவருகிறது, யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வேறு யாரும் உண்டாக்காத அதிர்வெண்ணாகத் தேர்ந்து செலுத்தினால்தான் விடை நேர்மையாக இருக்கும்.

தோட்டப் பட்டணத்துக்கு எட்டும் விலையில் செய்ய, சாப்பிங் ரெசிஸ்டர், அதாவது வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் ரெசிஸ்டர் சுமை, போதும். ஃபேஸுக்கு 16 ஓம் வீதம் ஸ்டார் கட்டினால் 400 வோல்ட்டில் 10 கிலோவாட். ஒவ்வொரு ஃபேஸிலும் எதிரெதிராகக் கட்டிய இரண்டு 1200 வோல்ட் ஐஜிபிடி டிரான்சிஸ்டர் இருதிசை ஸ்விட்சாக நிற்கட்டும், மூன்றும் ஒரே நேரத்தில் பாதிக்குப் பாதி ஆன்-ஆஃப். 285 ஹெர்ட்ஸில் சாப் செய்தால் 335-இல் நேர் வரிசையாகவும் (மூன்று ஃபேஸும் சப்ளையின் சுழற்சித் திசையில்) 235-இல் எதிர் வரிசையாகவும் (எதிர்த் திசையில்) கரண்ட் பிறக்கும். ஒவ்வொன்றும் சுமார் 6.5 ஆம்பியர் உச்சம். சுற்றிய கம்பி ரெசிஸ்டருக்கு இண்டக்டன்ஸ் உண்டு. ஸ்னப்பர் (வோல்டேஜ் துள்ளலை உறிஞ்சும் சர்க்கிட்) இல்லாமல் ஆஃப் செய்தால் ஐஜிபிடி முதல் நாளே போகும். சாப்பிங் அதிர்வெண்ணை 150-லிருந்து 500 வரை நகர்த்துங்கள், பக்கப் பட்டைகள் 50-இன் மடங்கில் விழாதபடி 5-இல் அல்லது 7-இல் முடியும் எண்களாக. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விநாடி நிலைக்க விட்டு, பிறகு 1 விநாடி சாளரம் ஐந்து தடவை எடுத்துச் சராசரி.

இன்வெர்ட்டர் எல்லாம் ஆஃப் என்றால் செலுத்திய கரண்டால் வோல்டேஜை வகுத்தால் லைன் பக்கக் கோடு. ஒத்ததிர்வு உச்சிப் பக்கம் 4 வோல்ட்டுக்கு மேல் வரும், அளப்பது சுலபம். அதைவிட்டு விலகிப் போனால் அரை வோல்ட்டுக்குக் கீழே, 327 வோல்ட் உச்சத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். 12 பிட் கருவியில் அது இரைச்சலில் புதைந்துவிடும்.

அடுத்து ஓர் இன்வெர்ட்டரை ஓட்டி, அதன் முனையில் வோல்டேஜும் அதன் கேபிளில் கரண்டும் எடுங்கள். ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஆம்பியர் போல அதற்குள் போகும், அது போதும். விலகிய அதிர்வெண்களில் 0.1, 0.2 ஆம்பியர்தான், 122 ஆம்பியர் உச்சத்தின் மேல். அந்தப் பகுதிக் கோட்டை இந்த முறையில் எதிர்பார்க்க வேண்டாம். முழுக் கோடு வேண்டுமென்றால் ஒரு இன்வெர்ட்டரைக் கழற்றி, மீளூட்டும் வகைக் கிரிட் சிமுலேட்டர் உள்ள கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 60 கிலோவாட்டுக்கு 75 கேவிஏ சிமுலேட்டரும் 1000 வோல்ட் டிசி மூலமும் வேண்டும். சிமுலேட்டரே 230 வோல்ட் மேல் 1 முதல் 5 விழுக்காடு வரை, அதாவது 2.3 முதல் 11.5 வோல்ட் இடையூறைப் போடும். இடையூறை இரட்டித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இம்பீடன்ஸ் மாறினால் முதல் அளவு இரைச்சலில் போயிருக்கிறது, அல்லது இரண்டாவது அளவு இன்வெர்ட்டரின் ஏதோ எல்லையை முட்டியிருக்கிறது.

தவறுகள் எங்கே நுழைகின்றன என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், கெட்ட அளவீடு அளக்காததைவிட மோசம்.

எல்லாவற்றிலும் பெரியது கரண்ட் கிளாம்பின் திசை. இன்வெர்ட்டர் கரண்டை வெளியே போவதாக அளந்திருந்தால் வோல்டேஜை வகுத்தபின் ஒரு கழித்தல் குறி போட வேண்டும். மறந்தால் கோணம் 180 புரண்டு, நல்ல இன்வெர்ட்டர் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். வேலை தொடங்கும் முன் அதே கிளாம்ப், அதே கேபிளில் தெரிந்த ஒரு ரெசிஸ்டர் சுமையை அளந்து, எல்லா அதிர்வெண்ணிலும் கோணம் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். அந்தச் சோதனை சானல்களுக்கு இடையிலான நேர வித்தியாசத்தையும் காட்டிக்கொடுக்கும். 10 மைக்ரோவிநாடி பிசகு 1 கிலோஹெர்ட்ஸில் 3.6 பாகை. 90-க்கு ஓரத்தில் நிற்கும் கோட்டுக்கு அது வாழ்வா சாவா. ரோகோவ்ஸ்கி சுருள் சில நூறு ஹெர்ட்ஸில் நன்றாக இருக்கும், சில ஹெர்ட்ஸில் கோணம் நம்பும்படியாக இருக்காது. மீட்டர் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) எதற்கும் வேண்டாம். ஜீரோ ஃப்ளக்ஸ் கிளாம்ப் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஆன்டி-அலியாஸ் ஃபில்டர் இல்லாத ரெக்கார்டரில் இன்வெர்ட்டரின் 16, 20 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங்கின் மேல் ஹார்மோனிக்குகள் மடங்கி வந்து உங்கள் பட்டையிலேயே உட்காரலாம்.

மேகம் இன்னொரு எதிரி. இன்வெர்ட்டரின் கோடு ஓடும் பவரைப் பொறுத்து மாறும். முழு ஸ்வீப் இருபது நிமிடம் ஆகிறது என்றால் நடுவில் ஒரு மேகம் கடந்தாலே பாதிக் கோடு ஒரு பவரிலும் பாதி வேறு பவரிலும் இருக்கும். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி மாதங்களில் வானம் தெளிவு, அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இன்வெர்ட்டரின் பவர் வரம்பை 50 விழுக்காட்டில் கட்டிவிட்டு அளந்தால் சின்ன மேகம் தொடாது. 20, 50, 100 விழுக்காடு மூன்றிலும், ரியாக்டிவ் அமைப்பு எப்போதும் ஓடுவதுபோலவே வைத்து எடுங்கள். வோல்ட்-வார் (வோல்டேஜைப் பார்த்துக் கிலோவாரை மாற்றும்) செயல்பாடு ஆன் செய்தால் கோடு கீழ் அதிர்வெண்களில் மாறும்.

கீழ் அதிர்வெண் என்றதும் ஒரு எச்சரிக்கை. நான் மேலே சொன்ன ஒற்றைக் கோட்டு முறை 150 ஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டத்தட்டச் சரி. அதற்குக் கீழே பிஎல்எல்லும் (கிரிட் கோணத்தைப் பின்தொடரும் பகுதி) டிசி பஸ் கட்டுப்பாடும் ஒரு வேலை செய்யும்: 80 ஹெர்ட்ஸில் நேர் வரிசை இடையூறு போட்டால் 20 ஹெர்ட்ஸில் எதிர் வரிசைப் பதிலும் வரும்; எதிர் வரிசையைக் கழித்தல் 20 என்று எண்ணினால் எப்போதும் 100 ஹெர்ட்ஸ் இடைவெளி. இரண்டையும் சேர்த்து நாலு உறுப்பு மேட்ரிக்ஸாக அளக்க வேண்டும். அதற்கு ஒன்றுக்கொன்று வேறான இரண்டு இடையூறுகள் தேவை, டிக்யூ அச்சில் (கிரிட்டோடு சேர்ந்து சுழலும் இரண்டு அச்சுகள்) ஒன்று டி பக்கம், ஒன்று க்யூ பக்கம். பிஎல்எல் வேகத்துக்குள் க்யூ பக்கம் இன்வெர்ட்டர் எதிர்மறை ரெசிஸ்டன்ஸ் ஆகும். அளவு வோல்டேஜ் வர்க்கத்தைப் பவரால் வகுத்தது, 60 கிலோவாட்டுக்கு 2.67 ஓம். பத்துக்கும் சேர்த்து 0.267 ஓம். உங்கள் லைன் 0.010 ஓம் என்பதால் இந்தப் பயம் உங்களுக்கு இல்லை. நீண்ட 33 கேவி லைன் கடைசியில் நிற்கும் பெரிய சோலார் பண்ணைக்கு உண்டு. சீனாவின் ஷின்ஜியாங்கில் 2015 ஜூலையில் காற்றாலைகளோடு கிளம்பிய 20 முதல் 40 ஹெர்ட்ஸ் அதிர்வு சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த அனல் நிலைய யூனிட்டுகளையே டிரிப் ஆக்கியது.

பாதுகாப்பு பற்றிச் சார்ஜ்மேனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: 16 எம்விஏ என்றால் போர்டில் 23 கிலோஆம்பியர் ஃபால்ட். ஃபியூஸ் வைத்த டெஸ்ட் லீட், கேட் 4 முனைகள். கனெக்ட் செய்வது போர்டை ஆஃப் செய்த பிறகுதான், லைவில் அல்ல.

இரண்டு கோடும் கிடைத்ததும் ஒரே படத்தில் போடுங்கள். லைன் கோட்டை ஒன்று, நாலு, ஏழு, பத்தால் பெருக்கி நாலு கோடாக வரையுங்கள். இன்வெர்ட்டர் கோட்டை எங்கே வெட்டுகிறது, அங்கே கோணம் எவ்வளவு என்று குறியுங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டர் படிக்கும் தனிப் படம். ஐந்தாம் படி வரைக்கும் எதுவும் வெட்டாமல், ஆறிலும் ஏழிலும் மட்டும் வெட்டுவது தெரிந்தால் விற்றவரிடம் பேச ஒரு தாள் போதும்.

தீர்வு மூன்று இடத்தில் இருக்கிறது. உடனே செய்யக்கூடியது, நண்பகலில் ரிலேயை நாலு படியில் கட்டிவைப்பது. கெப்பாசிட்டரை முழுக்கக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால் தெனாகா பில்லில் கூடுதல் கட்டணம் வரும். குறையும் கிலோவாரை இன்வெர்ட்டர்களே கொடுக்கலாம், அவற்றின் கேவிஏ வரம்பு கிலோவாட்டைவிடப் பெரியதாக இருந்தால்.

இரண்டாவது ஃபர்ம்வேர். கரண்ட் லூப் தணிப்பும் வோல்டேஜ் ஃபீட்ஃபார்வர்டும் அந்தக் கோணத்தைத் தீர்மானிக்கின்றன, அதைத் தயாரிப்பாளர்தான் மாற்ற முடியும். அமைப்பு மாற்றமே போதும் என்பதற்குப் பெரிய அளவில் சாட்சி இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் முர்ரே பகுதியில் 2019 செப்டம்பரில் ஐந்து சோலார் பண்ணைகளின் உற்பத்தியைப் பாதியாகக் கட்டிவைத்தார்கள். இன்வெர்ட்டர் அமைப்புகளைத் திருத்திய பிறகு 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு நீங்கியது. ஒரு விஷயம் மட்டும்: ஃபர்ம்வேர் மாறினால் நீங்கள் எடுத்த இன்வெர்ட்டர் கோடு அன்றோடு செல்லாது. மறுபடி அளக்க வேண்டும், தயாரிப்பாளர் தானாக அப்டேட் அனுப்பினாலும்.

மூன்றாவது, என் கணிப்பில் உங்களுக்கு நிரந்தரத் தீர்வு, கெப்பாசிட்டர் படிகளுக்கு 7 விழுக்காடு ரியாக்டர் போடுவது. தொடர் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸில் உட்காரும். அதற்கு மேலே பேங்க் இண்டக்டர் போல நடக்கும், 365-இன் உச்சி மறைந்துவிடும். ஒரு உச்சி கீழே பிறக்கும். ஆறு படிக்கு அது 168 ஹெர்ட்ஸ், அங்கே இன்வெர்ட்டர் கோணம் 90-க்குள் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இருக்கும் கெப்பாசிட்டர்களை அப்படியே வைத்து ரியாக்டர் மட்டும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 7 விழுக்காடு ரியாக்டரோடு கெப்பாசிட்டர் முனையில் 430 வோல்ட் நிற்கும், ஹார்மோனிக் அதற்கு மேலே. 400 வோல்ட் எழுதிய கெப்பாசிட்டர் அதில் வீங்கிப்போகும். 480 அல்லது 525 வோல்ட் ரேட்டிங் வாங்குங்கள். உயர்ந்த ரேட்டிங் கெப்பாசிட்டர் 400 வோல்ட் போர்டில் தன் லேபிளில் உள்ள கிலோவாரைக் கொடுக்காது என்பதையும் ஆர்டர் கொடுக்கும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.